எஞ்சினா, தண்டவாளமா

மேல் டிவிஷன், ரிங்லெட்,
கேமரன் மலை.
20.11.2023

தம்பி கோகிலனுக்கு,

அண்ணன் சிவசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி திலகமும் சுகம். அங்கே நீயும் சாந்தினியும் சுகமாக இருக்க வேண்டும். உன் முழங்கால் வலி தேவலையா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள். கேட்பது அவள், நான் இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. மகள் கல்யாணத்துக்குப் பிறகு உன் நம்பரை நான் தடுத்து வைத்தேன், என் நம்பரை நீ தடுத்து வைத்தாய். யார் முதலில் தடுப்பை எடுக்கிறானோ அவன் இறங்கி வந்துவிட்டான் என்று நீ ஊரெல்லாம் சொல்வாய். ஆகவே நம் ரூபனின் காய்கறி லோரி கிள்ளான் பாசாருக்கு இறங்கும்போது இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுதினால் அவனிடமே கொடு.

விஷயம் இதுதான். தனுஜா கம்போங் ராஜா புகுந்த வீட்டிலிருந்து தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டாள். மாப்பிள்ளை மகேன் கூட வரவில்லை. ஒரு பையோடு பஸ் பிடித்து வந்தாள். உனக்கு இது புதிய சேதியாக இருக்காது. சாந்தினிக்குத் தெரியாத சேதி இந்த மலையில் உண்டா?

போன வாரம் சம்பந்தியம்மா பவளம் வந்திருந்தார். முகூர்த்த நேரத்தில் தாலி தரையில் விழுந்ததே, அன்று பிடித்த பீடைதான் இது என்கிறார். அவர்கள் கோவில் ஐயர் ஒரு பரிகாரம் சொல்லியிருக்கிறாராம். யாருடைய தவறால் தாலி விழுந்ததோ அந்த ஆள் பங்குனி உத்திரத்தன்று இரண்டு வீட்டார் முன்னாலும் பூஜையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன்பிறகு மகேன் புதுத் தாலி கட்டி அவளை அழைத்துப் போவான்.

எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் தாலியைத் தட்டில் வைத்து ஒருவர் வரிசை வரிசையாக எடுத்துப் போவார், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். நம் வீட்டில்தான் நாம் செய்த குட்டி ரயில் இருக்கிறதே, தாலி ரயிலில் போகட்டும் என்று நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அதை நான் மறுக்கவில்லை. நம் மலைக்கு நிஜ ரயில் வந்ததில்லை, நாம் விட்ட ரயிலாவது மண்டபத்தில் ஓடட்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் ஆரம்பத்திலிருந்து எஞ்சின் உன் பொறுப்பு, தண்டவாளம் என் பொறுப்பு. மணவறைக்கு முன்னால் இருந்த வளைவில் தடம் விட்டு இறங்கியது எஞ்சின். என் தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் பூஜையில் உட்கார வேண்டியவன் நீ.

பங்குனிக்கு லீவு போட்டு வா. சாந்தினியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அண்ணன் சிவசாமி


கிள்ளான்
2.12.2023

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

கோகிலன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். அண்ணியின் விசாரிப்புக்கு நன்றி, முழங்கால் பரவாயில்லை. உங்களுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டியதில்லை, உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருந்ததாம். தண்டவாளம் நடந்து போகாது அண்ணா. இருந்த இடத்திலேயே கோணலாக இருக்கலாம்.

மண்டபத்தில் என்ன நடந்தது என்று நான் ஞாபகப்படுத்துகிறேன். மணவறை முன்னால் குத்துவிளக்கு வைக்க இடம் போதவில்லை என்று அலங்காரக்காரர் சொன்னார். நீங்கள் உடனே கடைசி வளைவைப் பிரித்து உள்ளே தள்ளி இறுக்கினீர்கள். வீட்டு மேஜையில் அந்த வளைவு தாராளமாகத் திரும்பும். மண்டபத்தில் அது சைக்கிள் திரும்புகிற சந்து. நான் பார்த்துவிட்டு, “அண்ணே, ரொம்ப இறுக்குறீங்க” என்று சொன்னேன். “நாப்பது வருசமா ரயில் போடுறேன், எனக்குச் சொல்லித் தர்றியா” என்று கேட்டீர்கள். பக்கத்தில் நின்ற நாதஸ்வரக்காரர்கூடச் சிரித்தார்.

என் எஞ்சினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். பழைய கரி எஞ்சின் ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் உட்கார்ந்து செய்தது. கொதிகலனில் படிந்த கரி, படிக்கட்டில் காலடி தேய்ந்த இடம், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் துரு, எல்லாம் கையால் தீட்டியது. கோலாலம்பூரில் எங்கள் குட்டி ரயில் சங்கத்துக் கண்காட்சியில் நாள் முழுக்க ஓடி ஒருமுறைகூடத் தடம் விடவில்லை. அங்கே தண்டவாளம் போட்டது வேறு ஆள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்று இப்போது தெளிவாகியிருக்கும். பூஜைக்கு நல்ல வேட்டியாக எடுத்து வையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். தனுஜாவின் அறையில்தானே அவள் கல்யாணத்துக்குப் பிறகு ரயில் மேஜையைப் போட்டீர்கள்? அவள் வந்துவிட்டாள் என்று மேஜையை நகர்த்திவிடாதீர்கள். ஒருமுறை நகர்த்தினால் மட்டம் போய்விடும். அப்புறம் எதையும் நிரூபிக்க முடியாது.

அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கோகிலன்


ரிங்லெட்
9.12.2023

கோகிலனுக்கு,

சுகம். நீயும் சுகமாயிரு.

மேஜையை நகர்த்துவேன் என்று உனக்கு யார் சொன்னது? தனுஜா கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள். அவளே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன?

இந்த மலையில் தண்டவாளம் போடுவது என்றால் என்னவென்று கிள்ளான் வெயிலில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது. வருடம் முழுக்க மூடுபனி. பலகை ஈரம் குடித்து உப்பும், ஒரு வாரம் வெயில் அடித்தால் சுருங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் ஒவ்வொரு இணைப்பும் போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். விரலை வைத்துத் தடவினால் இணைப்பு எங்கே என்று தெரியாது. உன் சங்கத்துக்காரர்கள் இதையெல்லாம் பெட்டியில் வாங்கி வந்து மாட்டுகிறவர்கள்.

உன் எஞ்சினின் அழகுதான் அதற்கு வந்த வியாதி. படத்தில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்று முகப்புக்குக் கீழே பிரேக் குழாய் ஒட்டினாயே, அது எவ்வளவு தாழத் தொங்கியது என்று எனக்குத் தெரியும். வளைவில் திரும்பும்போது தண்டவாளத்தில் இடித்திருக்கிறது. வேறென்ன? பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும் என்று செய்கிறவன் நீ. ஓட வேண்டும் என்று செய்கிறவன் நான். சின்ன வயதிலிருந்து நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பவளம் அம்மா மறுபடியும் வந்து போனார். யார் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டார். சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தேன். அவர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றது உன்னால்.

உனக்கு தைரியம் இருந்தால் எஞ்சினை அனுப்பு. என் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். வளைவில் இறங்கினால் உன் தவறு. வேறு பேச்சு வேண்டாம்.

சாந்தினி சுகந்தானே. அவளிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

சிவசாமி


கிள்ளான்
26.12.2023

அண்ணன் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என நினைக்கிறேன்.

வளைவில் இறங்கினால் என் தவறு, இறங்காவிட்டால் உங்கள் தண்டவாளத்தின் பெருமை. நீதிபதியும் நீங்கள், சாட்சியும் நீங்கள். இருந்தாலும் அனுப்புகிறேன், பயந்துவிட்டான் என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. பஞ்சு சுற்றி மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ரூபனிடம் தக்காளிக் கூடைக்கு மேலே வைக்கச் சொல்லியிருக்கிறேன், கீழே வைத்தால் அவனோடும் எனக்குப் பேச்சு இருக்காது.

கொதிகலனில் கை வைக்காதீர்கள், சாயம் போகும். அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அதே வேகம், அதே பெட்டிகள், அதே எடை. தாலி வைத்த தட்டுக்குப் பதிலாக ஒரு எலுமிச்சம்பழம் வையுங்கள்.

அண்ணி, சாந்தினியிடம் போனில் பேசும்போது, கல்யாணத்தன்று காலையில் தனுஜா என்னோடு மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாளே, என்ன பேசினாள் என்று கேட்டாராம். ஒன்றும் இல்லை. கல்யாணப் பெண் ஏதோ பேசினாள். அதையெல்லாம் இப்போது இதில் இழுக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

கோகிலன்


கிள்ளான்
18.1.2024

அண்ணன் அவர்களுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நாங்கள் நலம்.

எஞ்சின் வந்து சேர்ந்ததா, இல்லையா? ரூபனைக் கேட்டால் அன்றே உங்கள் கையில் கொடுத்ததாகச் சொல்கிறான். அதோடு, உங்கள் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அறையில் ரயில் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றும் சொல்கிறான். அப்படியானால் ஓடுகிறது. ஓடுவது இறங்குகிறதா இல்லையா என்று எழுத ஒரு வரி போதுமே. பேனா இல்லையென்றால் சொல்லுங்கள், அடுத்த லோரியில் அனுப்புகிறேன்.

நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பிடிக்காதது எதுவோ நடந்திருக்கிறது. உங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான்.

பவளம் அம்மா சாந்தினிக்கும் போன் செய்து கேட்கிறார். இந்தப் பக்கமும் எங்களால் தலை நிமிர முடியவில்லை.

கோகிலன்


ரிங்லெட்
2.2.2024

கோகிலனுக்கு,

சுகம். தைப்பூசத்துக்குக் கோவில் வேலை இருந்தது, அதற்குப் பிறகு எங்கள் பேக்டரியில் ஒரு மெஷின் நின்றுபோனது. அதனால்தான் எழுதவில்லை. வேறு காரணம் எதுவும் நீ கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

ஓட்டினேன். இறங்கவில்லை.

மெதுவாக ஓட்டினேன், வேகமாக ஓட்டினேன், பெட்டிகளோடும் இல்லாமலும் ஓட்டினேன். எலுமிச்சம்பழம் அசையக்கூட இல்லை. உன் அண்ணி வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாக ஓடுகிறதே, அன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டாள். எனக்கும் முதலில் விளங்கவில்லை. சொல்லப்போனால் இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக ஓடிப் பார்த்ததில்லை. தனுஜாவும் கதவுப் பக்கம் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஓடும்போது பேசாதே, வளைவில் சத்தம் மாறுகிறதா என்று கேட்க வேண்டும் என்றேன். போய்விட்டாள்.

அப்புறம்தான் எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன். முகப்புக்குக் கீழே பசை காய்ந்த தடம் இருக்கிறது. குழாயைக் காணோம். அந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்து, அதன்மேல் கறுப்புச் சாயம் தொட்டு வைத்திருக்கிறாய். சாயம் தீட்டுவதில் நீ கெட்டிக்காரன், ஆனால் நானும் கண் இல்லாதவன் இல்லை.

வெட்கமாக இல்லையா உனக்கு? குற்றத்தை ஒளித்துவிட்டு சோதனைக்கு அனுப்பியிருக்கிறாய். தவறு உன்னுடையது இல்லையென்றால் எதற்காக அதை எடுத்தாய்? பவளம் அம்மாவிடம் நாளைக்கே சொல்லப் போகிறேன். பங்குனி உத்திரத்தன்று நீ வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சிவசாமி


கிள்ளான்
8.2.2024

அண்ணன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் அண்ணி நலமாக இருக்க வேண்டும்.

குழாயை எடுத்தேன். ஆமாம். அது பயணத்தில் உடைந்துவிடும் என்று எடுத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அண்ணி ரயில் ஓடுகிற வீடியோவை சாந்தினிக்கு அனுப்பியிருந்தார். பெருமையாகத்தான் அனுப்பினார். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த வளைவு எங்கே அண்ணா? மண்டபத்தில் நீங்கள் இறுக்கிய அந்த வளைவுத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே மாட்டினீர்கள் என்று நீங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். வீடியோவில் இருப்பது அது இல்லை. மேஜை ஓரத்தில் புதுப் பலகை ஒட்டி, வளைவை வெளியே இழுத்து, தாராளமாகத் திருப்பியிருக்கிறீர்கள். பலகையின் நிறமே வேறாக இருக்கிறது. அதன்மேல் தேயிலைச் செடி மாதிரி பச்சைப் பஞ்சு ஒட்டி மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள். பஞ்சு ஒட்டுவது உங்களுக்கு வராது, அதை என்னிடம் விட்டிருக்கலாம்.

தண்டவாளம் குற்றமற்றது என்றால் ஏன் மாற்றினீர்கள்? என்னைக் கேட்ட அதே கேள்விதான்.

இதற்குப் பெயர் சோதனையா? நீங்கள் திருத்திய தண்டவாளத்தில் நான் திருத்திய எஞ்சின் ஓடியிருக்கிறது. ஓடாமல் என்ன செய்யும்?

சாந்தினி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களோடு ஒரு பொருளைச் சேர்ந்து செய்தது என் வாழ்க்கையில் பெரிய தப்பு. எஞ்சினைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள்.

கோகிலன்


ரிங்லெட்
19.2.2024

கோகிலனுக்கு,

ஆமாம், மாற்றினேன். பின்னே, உன் எஞ்சினை நம்பி என் வளைவை அப்படியே விடச் சொல்கிறாயா? மாற்றியது என் மேஜை, என் பலகை, என் வீடு.

இனி எஞ்சினா தண்டவாளமா என்று கடவுளே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. நீ ஒன்றை அழித்தாய், நான் ஒன்றை அழித்தேன். உன்னைப்போல நானும் ஆகிவிட்டேன் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பவளம் அம்மா இரண்டு பேரும் உட்கார்ந்தாலும் சரி என்கிறார். ஐயரிடம் கேட்டாராம். உத்திரத்தன்று அவர்கள் பக்கத்து உறவெல்லாம் வருகிறார்கள். புதுத் தாலிக்குச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வீட்டில் தனுஜாவுக்குச் சேலையும் எடுத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் நாம் சண்டை போட்டு நிறுத்தினால் பெண்ணின் வாழ்க்கை என்னாவது? ஆகையால் நான் உட்காருகிறேன். நீயும் உட்கார். பக்கத்தில் உட்காரும்போது என் முகத்தைப் பார்க்காதே, அது போதும்.

எஞ்சினை இப்போது அனுப்ப முடியாது. வரும்போது எடுத்துக்கொண்டு போ.

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது. கல்யாணத்தன்று காலை நான் வளைவை மாட்டிக்கொண்டிருந்தேன். தனுஜாவோடு பேசிவிட்டு நீ என்னிடம் வந்தாய். வந்து நின்றாய். உன் முகம் ஒரு மாதிரி இருந்தது. ஏதோ சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ வளைவைப் பற்றிக் கேட்டாய். அவள் உன்னிடம் என்ன சொன்னாள்?

சிவசாமி


கிள்ளான்
27.2.2024

அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். அண்ணி நலமென நம்புகிறேன்.

வருகிறேன். உட்காருகிறேன். ஆனால் தவறு செய்தவனாக உட்காரவில்லை, பெண்ணின் சித்தப்பாவாக உட்காருகிறேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது எஞ்சின் என்ற பேச்சே வரக் கூடாது, தண்டவாளம் என்றும் வரக் கூடாது. பூஜை முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிவிடுவேன். நம்பரின் தடுப்பை எடுக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு: அவள் என்னிடம் சொன்னதைக் கேட்கிறீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் உங்களிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்டால் பதில் சொல்வீர்களா? அவள் என்னிடம் வந்ததே உங்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான். அதனால் இந்தக் கேள்வியை இருவரும் விட்டுவிடுவது நல்லது. மறுபடி கேட்காதீர்கள். நானும் கேட்க மாட்டேன்.

எஞ்சினின் பின் சக்கரத்தில் எண்ணெய் விட்டு வையுங்கள். ஒரு சொட்டு, அதற்குமேல் வேண்டாம்.

கோகிலன்


ரிங்லெட் டவுன்
14.3.2024

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்,

தனுஜா எழுதுவது. நீங்கள் இருவரும் நலமா? அம்மாவும் சித்தியும் நலமா? இதே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து எழுதுகிறேன். சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். யாருக்கு அதிகம் எழுதினேன் என்று சரிபார்க்க வேண்டாம்.

சித்தப்பாவின் கடிதம் வந்தால் அப்பா அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். தான் எழுதியதையும் ஒட்டுவதற்கு முன் படித்துக் காட்டுவார். கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறவளுக்கு எல்லாம் கேட்கும். நவம்பரிலிருந்து கேட்டுக்கொண்டு இருந்தேன். முழங்காலைக் கேட்டீர்கள், ரத்த அழுத்தத்தைக் கேட்டீர்கள். பலகை ஈரம் குடிக்கிறதா என்றுகூடப் பேசினீர்கள். தனுஜா ஏன் வந்தாள் என்று ஒரு கடிதத்திலும் வரவில்லை.

மகேன் என்னை அடித்தான். அதனால் வந்தேன். வந்த அன்றே அம்மாவிடம் முதுகைக் காட்டினேன். அம்மா அழுதுகொண்டே அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அப்பா என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் துடைக்கிற ஸ்பிரிட் வாடை வந்தது.

அவன் கை நீட்டுகிறவன் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். நிச்சயம் முடிந்து ஒருநாள் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வாசலில் என் போனைக் கேட்டான். கொடுக்கவில்லை என்று கையைப் பின்னால் முறுக்கினான். கடைக்காரம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பாவிடம் வந்து, இவன் வேண்டாம் என்றேன். அப்பா மண்டபத்துக்கு எடுத்துப் போகும் துண்டுகளை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “கல்யாணம் ஆனா சரியாயிடும்லா. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. அந்த ஸ்பிரிட் போத்தல எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று காலை சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தப்பா கையில் எஞ்சின் இருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன். “நீ போய் பூ வச்சுக்கம்மா, நான் அண்ணன்கிட்ட பேசுறேன்” என்றார். நான் பூ வைத்துக்கொள்ளவில்லை. கதவோரம் நின்று பார்த்தேன். நீங்கள் போனீர்கள் சித்தப்பா. அப்பா நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் வளைவு ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்றீர்கள். அதன்பிறகு உள்ளே போய் என்னை உட்காரவைத்துப் பூ வைத்தார்கள்.

பூஜைக்கு யாரும் உட்கார வேண்டாம். நேற்று நானே கம்போங் ராஜாவுக்குப் போய்த் தாலியைப் பவளம் அத்தையின் கையில் கொடுத்துவிட்டேன். மகேன் வீட்டில் இருந்தான். என் தோழி அன்பரசி துணைக்கு வந்திருந்தாள், வாசலிலேயே நின்றாள். போலீஸில் எழுதிக் கொடுத்த தாளின் நகலையும் கொடுத்தேன். அத்தை, “தாலி விழுந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றார். எனக்கும் தெரியும் அத்தை என்றேன்.

ரிங்லெட்டில் ஒரு பூந்தோட்டத்து ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. அன்பரசியோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். சின்ன அறைதான், ஆனால் கட்டில் போட இடம் இருக்கிறது. அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். நீங்கள் இருவரும் இப்போதைக்கு வர வேண்டாம். வந்தால் இருவரும் சேர்ந்து வருவீர்கள், வாசலிலேயே ஆரம்பித்துவிடுவீர்கள்.

எஞ்சினா தண்டவாளமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு எஞ்சின் வளைவில் சாய்ந்து தாலி கீழே விழுந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. மேளம் நின்றுபோனது. அந்த இடத்தில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். கல்யாணம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். உங்கள் இருவரையும்தான் முதலில் பார்த்தேன். இருவரிடமும் சொல்லியிருந்தேன் இல்லையா. இப்போதாவது யாராவது ஒருவர், போதும், நிறுத்துங்கள் என்பீர்கள் என்று காத்திருந்தேன். சித்தப்பா குனிந்து எஞ்சினை எடுத்துச் சக்கரத்தைப் பார்த்தீர்கள். அப்பா குனிந்து தண்டவாளத்தை விரலால் தடவினீர்கள். அங்கேயே குரல் உயர்ந்தது.

தாலி என் காலடியில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். ஐயர் கையை நீட்டினார். உடனே கொடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர் நிமிர்ந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தனுஜா